ராவ்சாகிப் மூன்று முறை வாசித்த நாவல்

மலைநாட்டு நூல் பிரசித்த சபை கொடைக்கானலில் பதினோரு வருஷமாக நடந்துவந்தது. அந்தப் பதினோரு வருஷத்தில் ஒன்பது நூல்களை உலகத்துக்குத் தந்திருந்தது. ஒன்பதையும் எழுதியவர்கள் சபையின் அங்கத்தினர்கள். வாங்கியவர்களும் அவர்களே. சபையில் மொத்தம் ஒன்பது பேர்தான் என்பதால் யாருக்கும் மனக்குறை இல்லை. இப்படி நிம்மதியாக இருந்த சபைக்குள் முப்பத்தாறாம் வருஷம் வெளியாள் ஒருவன் ஒரு நாவலோடு வந்து நின்றான்.

அவன் பேர் சுப்புராஜ். நாயுடுபுரத்துக்குக் கீழே உருளைக்கிழங்குத் தோட்டத்தில் கொத்து வேலை. மோட்டார் ரோடு வருவதற்கு முன்னால் டோலி தூக்கியவன். அடிவாரத் தோப்பிலிருந்து வெள்ளகவிக் கிராமம் வழியாக ஒற்றையடிப் பாதையில் துரைமார்களையும், துரைசானிகளையும், அவர்களுடைய இரும்புக் கட்டில், குளிக்கிற தொட்டி, நாய் எல்லாவற்றையும் தோளில் சுமந்து மேலே கொண்டுபோய் இறக்கியவர்களில் ஒருவன். கொடைக்கானலை எந்தத் துரை கண்டுபிடித்தார் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித் தருகிறார்கள். யார் தூக்கிக்கொண்டு போய் வைத்தார்கள் என்று சொல்லித் தருவதில்லை. அந்த எரிச்சலில்தான் சுப்புராஜ் நாலு மழைக்காலம் குடிசைக்குள் உட்கார்ந்து 'முன்தண்டு' என்று, டோலியின் முன்பக்கக் கம்பின் பேரிலேயே, நாவல் எழுதினான்.

செண்பகனூர்ப் பாதிரிச் சாமியார் தோட்டத்தில் பாத்தி வெட்டிய காலத்தில் கற்றுக்கொண்ட எழுத்து. எழுதுவதைப் பற்றி அவனுக்கு இருந்தது ஒரே அபிப்பிராயம். மலைப்பாதையில் கல்லின் மேல் கால் வைக்கிறோம். ஆடுகிறதா என்று பார்க்கிறோம். ஆடவில்லை என்றால் கனத்தை இறக்குகிறோம், ஆடினால் காலை எடுத்துவிடுகிறோம். வார்த்தையும் அப்படித்தான். பல வார்த்தைகளின் மேலிருந்து அவன் காலை எடுத்துவிட்டதால் நாவல் நூற்றறுபது பக்கத்தில் முடிந்துபோயிற்று.

பஜாரில் பலசரக்குக் கடை வைத்திருந்த இப்ராம்சா ராவுத்தர்தான் பழனியில் ஓர் அச்சாபீஸில் சொல்லி அதைப் புத்தகமாக்கிக் கொடுத்தார். புத்தகங்கள் வெங்காய மூட்டைக்கும் மெழுகுவத்திப் பெட்டிக்கும் நடுவில் அடுக்கப்பட்டன. அச்சாபீஸ்காரர் தாளை மடித்துத் தைத்து அப்படியே அனுப்பியிருந்தார். ஓரத்தைக் கத்தியால் கீறிப் பிரித்தால்தான் உள்ளே படிக்க முடியும்.

"ஏலே சுப்பு, வாங்குறவன் கீறிப் படிச்சானா இல்லையான்னு பாத்தாலே தெரிஞ்சுபோகும்" என்றார் இப்ராம்சா. "பொய் சொல்ல முடியாத புஸ்தகம் இது."

"வாங்கட்டும் முதல்ல, ராவுத்தரே."

"சபைக்காரவுக மேடையேத்தினாத்தான் வாங்குவான். இந்த ஊர்ல பச்சை மொளகாய்க்குக்கூட ஒரு பெரிய மனுசன் சிபாரிசு வேணும்."

சுப்புராஜுக்கு விற்பனையைப் பற்றிப் பெரிய கவலை இல்லை. அவனுக்கு வேறு சோலி இருந்தது. அது வெள்ளகவியில் இருந்தது. அதன் பேர் அன்னக்கொடி.

பதிமூன்றாம் வருஷம் ஒரு பங்களாவுக்குப் பியானோ கொண்டுபோனார்கள். பன்னிரண்டு பேர். வெள்ளகவிக்கு மேலே ஒரு வளைவில் முன்தண்டில் தோள் கொடுத்திருந்த வேலுச்சாமி சறுக்கினான். பியானோ அவன் மேல் இறங்கியது. மறுநாள் பங்களா குமாஸ்தா எல்லோரையும் நிறுத்தி வைத்து நஷ்டப் பத்திரம் வாசித்தார். பியானோவின் கம்பெனிப் பேர், நம்பர், எந்தக் கப்பலில் வந்தது, எத்தனை கட்டை உடைந்தது எல்லாம் வந்தது. கடைசி வரியில் 'கூலி ஒன்று' என்று வந்தது. அன்னக்கொடி அங்கேதான் நின்றுகொண்டிருந்தாள். அந்த ஒன்று அவள் புருஷன்.

அன்று முதல் டோலிக்காரர்கள் தங்களுக்குள் ஒரு சட்டம் வைத்தார்கள். அந்த வளைவைக் கடக்கிறவன் ஒரு கல்லை எடுத்து வைத்து வேலுச்சாமி பேரைச் சொல்ல வேண்டும். டோலியில் உட்கார்ந்திருப்பவரும் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் டோலி எழும்பாது. மறுவருஷமே மோட்டார் ரோடு வந்துவிட்டதால் டோலியில் உட்கார ஆள் இல்லாமல் போயிற்று. கல் குவியல் மட்டும் இடுப்பளவு வளர்ந்தது.

நாவலின் தொண்ணூற்றேழாம் பக்கத்தில் அந்த வளைவு வருகிறது. சுப்புராஜ் அதை வெள்ளகவிக்குப் போய் அன்னக்கொடிக்கு வாசித்துக் காட்டினான். அவள் கேட்டுவிட்டு முறத்தைப் புடைத்துக்கொண்டே சொன்னாள்.

"நல்லாத்தேன் இருக்கு, தம்பி. ஆனா நீ சொல்லித்தேனா எனக்கு அவரு பேரு தெரியணும்? அன்னைக்குப் பெரிய மனுசன் வாயிலதேன் 'ஒண்ணு'ன்னு வந்துச்சு. பெரிய மனுசன் வாயிலயே பேரு வரட்டும். நாலு பேரு கேக்க."

"வர வைக்கிறேன், மதினி" என்று சொல்லிவிட்டுத்தான் சுப்புராஜ் சபையின் படியேறினான்.

சபைக் காரியதரிசி ஞானவேல் ஓர் அச்சடித்த விண்ணப்பப் பாரத்தை எடுத்து வைத்துக்கொண்டார்.

"நூலில் காப்புச் செய்யுள் உண்டா?"

"இல்லீங்க."

"சாற்றுகவி? பெரியோர் யாராவது புகழ்ந்து பாடியது?"

"யாரும் பாடலீங்க."

"கதாநாயகன் என்ன படித்தவன்?"

"டோலி தூக்குறவருங்க."

"அது உத்தியோகம். நான் கேட்டது படிப்பு." ஞானவேல் அந்தக் கட்டத்தில் 'விசாரணையில்' என்று எழுதினார். "நூலால் வாசகர் அடையும் நீதி?"

"அதுல நீதி கெடைக்கலீங்க. கடைசி வரைக்கும்."

"பட்டம் பெற்ற கனவான்கள் யாராவது வருகிறார்களா?"

"வருவாகங்க. டோலில உக்காந்து."

ஞானவேல் முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்து, அதை மட்டும் சிவப்பு மையில் எழுதினார்.

நூல் ஆராய்ச்சிக் குழுவுக்குப் போயிற்று. மூன்று மாதம் ஆழ்ந்த பரிசீலனை நடந்தது. ஒவ்வொரு சந்தை நாளும் சுப்புராஜ் போய்க் கேட்பான். "ஆழமாகப் போய்க்கொண்டிருக்கிறோம்" என்பார் ஞானவேல். ஒருநாள் காற்று பலமாக அடித்தது. சபையின் மேற்கு ஜன்னல் மட்டும் ஆடாமல் நின்றது. என்னவென்று பார்த்தால், கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவில் 'முன்தண்டு' செருகப்பட்டிருந்தது. அளவு சரியாக இருந்தது.

நாலாம் மாதம் தீர்மானம் வந்தது. நூல் அரங்கேற்றப்படும். ஆனால் கூலிக்காரன் எழுதியது என்பதால் கொஞ்சம் விளம்பரம் தேவை. ஞானவேல் எழுந்து பேசினார்.

"இது டோலியைப் பற்றிய நாவல். ஆகவே நமது அக்கிராசனர் ராவ்சாகிப் அவர்கள் பஸ்ஸில் வருவது நூலுக்கு அவமானம். அடிவாரத்திலிருந்து பழைய பாதையில், பழைய டோலியில், நூலை மடியில் வைத்துக்கொண்டு வந்து இறங்க வேண்டும். அப்படியே டோலியிலேயே திரும்ப வேண்டும். உழைப்பாளிகளின் கஷ்டம் என்ன என்பதை உலகம் கண்ணால் பார்க்கட்டும்."

சபை கைதட்டியது. தூக்கப் போகிறவர்களுக்கும் கஷ்டம் இருக்குமா என்று கேட்க அங்கே யாரும் இல்லை. நோட்டீஸ் அச்சாகிவிட்டது. சபையைப் பொறுத்தவரை நோட்டீஸில் வந்தது நடந்து முடிந்த மாதிரி.

ராவ்சாகிப் குருநாதன் பெரியகுளத்தில் இருந்தார். பதினாலு சங்கங்களுக்குத் தலைவர். நாற்காலிகள் எல்லாம் அவரைப் பார்த்தே செய்யப்பட்டவை போல இருக்கும். கனம் என்று பார்த்தால் இரண்டு உருளைக்கிழங்கு மூட்டை, கொஞ்சம் கூட.

டோலிக்கு எட்டுப் பேர் வேண்டும். நாலு பேர் தூக்க, நாலு பேர் தோள் மாற்ற. இருபத்து மூன்று வருஷம் கழித்துப் பழைய டோலிக்காரர்களைத் தேடினால் சிலர் செத்திருந்தார்கள், சிலர் முதுகு வளைந்திருந்தார்கள். மேஸ்திரியாக இருந்த சடையாண்டி எப்படியோ ஏழு பேரைக் கூட்டினார். அதற்கு மேல் ஆள் இல்லை.

"எட்டாவது ஆள்?" என்றார் ஞானவேல்.

சடையாண்டி சுப்புராஜைப் பார்த்தார்.

"அவன் ஆசிரியன் அல்லவா?"

"எழுதுறதுக்கு முன்னாடி அவனுக்குத் தோளு இருந்துச்சுங்களே."

ஞானவேல் கொஞ்சம் யோசித்தார். நோட்டீஸ் அச்சாகிவிட்டது. "சரி. மேலே வந்ததும் சட்டை மாற்றிக்கொள்" என்று சொல்லி, டோலிக்காரர் பட்டியலில் எட்டாவதாகச் சுப்புராஜ் பேரை எழுதிக்கொண்டார்.

சனிக்கிழமை வெள்ளனே, பாதை கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்ததும் தோப்பிலிருந்து கிளம்பினார்கள். சுப்புராஜ் முன்தண்டில். தோய்த்த சட்டை மூட்டையாக இடுப்பில். ராவ்சாகிப் மடியில் சபையின் பிரதி, மஞ்சள் பட்டுத்துணியில் சுற்றியிருந்தது. முன்னால் போகிறவன் பாதையைச் சொல்லுவான், பின்னால் வருகிறவர்கள் திருப்பிச் சொல்லுவார்கள். "கல்லு." "கல்லு." "எடது பள்ளம்." "பள்ளம்." ராவ்சாகிப் அரைமணி நேரம் கேட்டுவிட்டு, "ஏன் சத்தம்? மௌனமாகத் தூக்க முடியாதா? நான் பிரசங்கத்தைத் தயார் பண்ணிக்கொண்டிருக்கிறேன்" என்றார். அடுத்த கல்லை யாரும் சொல்லவில்லை. டோலி ஒரு பக்கம் சரிந்து பள்ளத்தின் மேல் ஆடியது. அதற்கப்புறம் ராவ்சாகிப் சத்தத்தை அனுமதித்தார்.

வெள்ளகவிக்குள் யாரும் செருப்புப் போடக்கூடாது. சடையாண்டி சொன்னார். ராவ்சாகிப் "நான் நடக்கவில்லையே, என் கால் தரையில் படவில்லையே" என்று சட்ட நுணுக்கம் பேசினார்.

"செருப்புக் கால் ஊருக்குள்ள வரப்படாதுங்க. நடந்து வந்தாலும் சரி, பறந்து வந்தாலும் சரி." டோலி ஊர் எல்லையில் இறங்கி உட்கார்ந்துகொண்டது. கால்மணி நேரத்துக்குப் பிறகு ராவ்சாகிபின் பம்ப் ஷூ அவர் மடியில் நாவலின் மேல் ஏறியது.

அன்னக்கொடி கஞ்சிச் சட்டியோடு வந்து பின்னால் சேர்ந்துகொண்டாள். வெளுத்த சேலை. "இன்னைக்கு வாசிப்பாகளா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள்.

"வாசிப்பாக, மதினி. அதுக்குத்தேன் தூக்குறேன்."

வளைவு வந்தது. டோலி நின்றது.

"எதற்கு நிறுத்துகிறீர்கள்?"

"ஒரு கல்லு வைக்கணுங்க. ஒரு பேரு சொல்லணும்" என்றான் சுப்புராஜ்.

"பதினோரு மணிக்கு முகூர்த்தம். நோட்டீஸில் போட்டிருக்கிறது. கல்லெல்லாம் திரும்புகிறபோது வையுங்கள். சீக்கிரம் போங்கள்."

சுப்புராஜ் பல்லைக் கடித்தான். மேலே மேடையில் பேர் வரப்போகிறது. அதற்காக இங்கே ஒரு தடவை விட்டுக்கொடுக்கலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு தண்டைத் தோளில் ஏற்றினான். ஆடுகிற கல் என்று தெரிந்தும் அதன் மேல் கால் வைத்தான். பின்னால் அன்னக்கொடி மட்டும் குனிந்து ஒரு கல்லை எடுத்து வைத்துவிட்டு வந்தாள்.

பதினொன்றே காலுக்கு மண்டப வாசலில் டோலி இறங்கியது. மாலை, மேளம், போட்டோ. போட்டோக்காரர் டோலிக்காரர்களைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னார், டோலி சரியாகத் தெரியவில்லை என்று. சுப்புராஜ் குழாயடியில் முகம் கழுவி, சட்டையை மாற்றிக்கொண்டு படியேறினான். வாசலில் ஞானவேல் இரண்டு பட்டியல்களோடு நின்றார்.

"உன் பேர் டோலிக்காரர் பட்டியலில் இருக்கிறது. அவர்களுக்குப் பின்கட்டில் சாப்பாடு."

"நான்தானுங்களே எழுதினது."

"தெரியும். இன்னொரு பட்டியலில் ஆசிரியர் என்றும் இருக்கிறாய். ஒரே ஆள் இரண்டு பட்டியலில் இருந்தால் சபை நடத்த முடியாது. எதிலிருந்து அடிப்பது என்று கமிட்டி கூடித் தீர்மானிக்க வேண்டும்."

"கூடுங்களேன்."

"கமிட்டி மேடையில் இருக்கிறது" என்றார் ஞானவேல் பொறுமையாக. "கூட்டம் முடிந்ததும் கூடுவோம்."

சுப்புராஜ் பின்கட்டு ஜன்னலுக்கு வெளியே போய் நின்றான். பக்கத்தில் அன்னக்கொடி. உள்ளே கடைசி வரிசையில் இப்ராம்சா உட்கார்ந்து ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ராவ்சாகிப் எழுந்தார். பட்டுத்துணியை அவிழ்த்து நூலை உயர்த்திக் காட்டினார்.

"இன்று காலை நான் மலையேறினேன். கல்லும் முள்ளும் நிறைந்த பாதை. ஓரிடத்தில் என் உயிருக்கே ஆபத்து வந்தது. ஆனாலும் நான் அஞ்சவில்லை. உழைப்பு என்றால் என்ன என்று இன்றுதான் என் உடம்புக்குத் தெரிந்தது. இன்னும் இடுப்பு வலிக்கிறது. இந்த நூலை நான் மூன்று முறை வாசித்தேன். முதல் முறை வியந்தேன். இரண்டாம் முறை சிந்தித்தேன். மூன்றாம் முறை கண்ணீர் விட்டேன். இதில் வரும் ஏழைகளுக்குத் தனித்தனிப் பேர் எதற்கு? அவர்கள் எல்லோரும் ஒருவரே. அந்த ஒன்றைத்தான் ஆசிரியர் காட்டுகிறார்."

ஜன்னலுக்கு வெளியே அன்னக்கொடி சுப்புராஜைத் திரும்பிப் பார்த்தாள். அவன் ஜன்னல் கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அடுத்துப் பொருளாளர் பேசினார். ராவ்சாகிபின் கனத்தைப் போலவே கனமான நூல் என்றார். அடுத்தவர் நூலின் அட்டை நிறம் மலையின் ஆரோக்கியத்தைக் குறிக்கிறது என்றார். அடுத்தவர் தம் சொந்த நூலிலிருந்து நாற்பது செய்யுள் வாசித்தார். கடைசியில் ஆசிரியருக்குச் சால்வை போர்த்த அழைத்தார்கள். மூன்று முறை அழைத்தார்கள். வாசலை மறித்து நின்றுகொண்டிருந்த ஞானவேலே அழைத்தார்.

இப்ராம்சா எழுந்து, "அந்தா ஜன்னலுக்கு வெளியில நிக்கிறாரு" என்றார்.

"அங்கத்தினர் அல்லாதவர் பேசக்கூடாது" என்று மணி அடித்தார்கள். அழைத்தும் வராத ஆசிரியரின் அகம்பாவத்தைக் கண்டித்து ஒரு தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. சால்வை வீணாகக்கூடாது என்று அதையும் ராவ்சாகிபுக்கே போர்த்தினார்கள். 'முன்தண்டு' ஒரு தடவைகூடத் திறக்கப்படாமல் மறுபடியும் பட்டுத்துணிக்குள் போயிற்று.

இரண்டு மணிக்குக் கிளம்பினார்கள். நோட்டீஸில் போட்டிருந்தபடி டோலியில். இப்ராம்சா கொஞ்ச தூரம் கூடவே வந்தார்.

"ஏலே சுப்பு, வேண்டாம்லே. ஏழு பேரு எறக்கட்டும். கண்டனம் பண்ணினவனையா தூக்குறே?"

"ஏழு பேரு எறக்கினா எட்டாவது பக்கம் சரியும், ராவுத்தரே. நான் எதையும் சரிய விட்டதில்லை."

இறங்கும்போது யாரும் பேசவில்லை, பாதையைத் தவிர. "வழுக்கு." "வழுக்கு." "வேரு கெடக்கு." "வேரு." அன்னக்கொடி காலிச் சட்டியோடு பின்னால் வந்தாள். இரண்டு சால்வைக்குள் ராவ்சாகிப் குறட்டை விட்டார். நாலு மணிக்குச் சோலைக்குள்ளிருந்து மூடுபனி இறங்க ஆரம்பித்தபோது வளைவு வந்தது. யாரும் சொல்லாமலே டோலி தரையில் உட்கார்ந்தது.

ராவ்சாகிப் விழித்துக்கொண்டார். "வந்துவிட்டதா?"

"திரும்புறப்ப வைக்கச் சொன்னீங்க" என்றார் சடையாண்டி. "திரும்பிட்டோம்."

ஆளுக்கொரு கல்லை வைத்தார்கள். "வேலுச்சாமி." "வேலுச்சாமி." எட்டுக் கல், எட்டுக் குரல். பிறகு எட்டுப் பேரும் வரிசையாகக் குந்தினார்கள். சடையாண்டி பொடிமட்டையை எடுத்தார்.

"ஏன் உட்காருகிறீர்கள்? பனி வருகிறது."

"டோலில இருக்கறவுக பாக்கிங்க. இல்லாட்டி எந்திரிக்காது" என்றார் அவர்.

"யார் எழுந்திருக்காது?"

"டோலிங்க."

ராவ்சாகிப் பாதையின் இரண்டு பக்கமும் பார்த்தார். ஒரு பக்கம் பனி, மறுபக்கம் பள்ளம். பம்ப் ஷூவைப் பார்த்தார். "சரி, என்ன பேர்? சொல்லித் தொலைக்கிறேன்."

"அது எங்க வாயிலிருந்து வாங்கிச் சொல்லப்படாதுங்க" என்றான் சுப்புராஜ். காலையிலிருந்து அவன் ராவ்சாகிபிடம் பேசுவது இது இரண்டாவது தடவை. "நீங்க மூணு தரம் வாசிச்ச புஸ்தகத்துல இருக்கு. தொண்ணூத்தேழாம் பக்கம்."

ராவ்சாகிப் மெதுவாகப் பட்டுத்துணியை அவிழ்த்தார். நூலைப் பிரித்தார். அது பிரியவில்லை. ஓரமெல்லாம் மடிப்பாக ஒட்டியே இருந்தது. முதல் பக்கம், கடைசிப் பக்கம், நடுப்பக்கம். எங்கும் ஒரு கீறல் இல்லை. எட்டுப் பேரும் அதைப் பார்த்தார்கள். படிக்கத் தெரியாதவர்களும் அதைப் படித்துவிட்டார்கள்.

சடையாண்டி இடுப்பிலிருந்து கத்தியை உருவினார்.

ராவ்சாகிபின் முகம் மூடுபனி நிறத்துக்கு வந்தது. "நான் சர்க்கார் பட்டம் வாங்கியவன்" என்றார். 

"பயப்படாதீக. ஓரத்தைக் கீறுறதுக்கு" என்று பிடியைத் திருப்பி நீட்டினார் சடையாண்டி.

ராவ்சாகிப் கத்தியை வாங்கினார். தொண்ணூற்றேழுக்குப் போக முன்னால் உள்ளதையும் கீற வேண்டியிருந்தது. தாள் கிழிகிற சத்தம் சோலையில் நன்றாகக் கேட்டது. அன்னக்கொடி சட்டியைக் கீழே வைத்துவிட்டு முன்னால் வந்து நின்றாள். ராவ்சாகிப் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு வாசித்தார்.

"'அன்றைக்கு முன்தண்டில் தோள் கொடுத்திருந்தவன் வெள்ளகவி வேலுச்சாமி. வயது இருபத்தாறு. அன்னக்கொடியின் புருஷன். காலையில் சாப்பிடாமல் வந்திருந்தான். கல் ஆடுகிறது என்று பின்னால் வந்தவர்களுக்குச் சொன்னதுதான் அவன் கடைசியாகச் சொன்னது. மற்ற பதினொரு பேரும் அந்தக் கல்லில் கால் வைக்கவில்லை.'"

நிறுத்தினார். பனி டோலிக்குள் வந்துவிட்டது.

"இன்னொரு தரம்" என்றாள் அன்னக்கொடி.

"வாசித்துவிட்டேனே அம்மா."

"மேடையில மூணு தரம்னீகளே. நான் சன்னலுக்கு வெளியில நின்னு கேட்டேன். இன்னும் ரெண்டு கெடக்கு."

ராவ்சாகிப் இரண்டாவது முறை வாசித்தார். இந்தத் தடவை சிந்திக்கிற மாதிரி நிறுத்தி நிறுத்தி வந்தது, வெளிச்சம் போதாததால். மூன்றாவது முறை 'அன்னக்கொடியின் புருஷன்' என்கிற இடத்தில் தலையைத் தூக்கி எதிரே நின்றவளைப் பார்த்தார். கண்ணீர் விட்டாரா என்று தெரியவில்லை. காலில் அட்டை கடித்திருந்தது என்று சடையாண்டி பின்னால் சொன்னார்.

அன்னக்கொடி ஒரு கல்லை எடுத்து ராவ்சாகிப் கையில் கொடுத்தாள். அவர் பம்ப் ஷூவைக் கழற்றிவிட்டு டோலியிலிருந்து இறங்கி, வெறுங்காலோடு நாலு எட்டு நடந்து அதைக் குவியலில் வைத்தார். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"போதும். தூக்குங்க. பனி சூழுது."

சுப்புராஜ் முன்தண்டில் தோள் கொடுத்தான். ராவ்சாகிப் அதே கனம்தான் இருந்தார். வாசித்தால் மனிதனுக்குக் கனம் குறையும் என்று சபையில் அடிக்கடி பேசுகிறார்கள். அவர்கள் யாரும் தூக்கிப் பார்த்தவர்கள் இல்லை.

"கல்லு."

"கல்லு."

கொஞ்ச தூரம் போனதும் டோலிக்குள் சர் என்று தாள் கிழிகிற சத்தம் கேட்டது. கத்தியை ராவ்சாகிப் திருப்பிக் கொடுக்கவில்லை. இன்னொரு கிழிசல். கொஞ்ச நேரம் அமைதி. இன்னொன்று.

"சுப்புராஜ்" என்று உள்ளிருந்து குரல் வந்தது. அவர் அந்தப் பேரைச் சொல்வது அதுதான் முதல் தடவை. புத்தகத்தின் மேலட்டையில் பார்த்திருக்க வேண்டும். "பட்டம் வாங்கியவர்கள் இதில் வருகிறார்கள் என்று ஞானவேல் சொன்னார். நம்ம பேர் எங்கேயாவது இருக்கிறதா?"

சுப்புராஜ் கால் வைத்த கல் ஆடுகிறதா என்று பார்த்தான். ஆடவில்லை.

"இனிமேத்தேன் எழுதணுங்க" என்றான்.